ஓடினால் தசை கரையுமா?

கேள்வி: நெடுந்தூரம் ஓடினால் தசை கரைந்து சிறுநீரில் போய்விடுமாமே? நிஜமா, ஓடச் சோம்பல்படுபவர்கள் கிளப்பிவிட்ட கதையா?

பதில்: சோம்பேறிகளுக்கு அவ்வளவு கற்பனை இருந்தால் நாவல் எழுதப் போயிருப்பார்களே! விஷயம் நிஜம்தான். பெயர், ராப்டோமயோலிசிஸ்.

கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டம் 161 கி.மீ. தூரம். 2010இல் ஓடி முடித்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். தசைநார் சிதைந்தால் கசியும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி, சில நூறு அலகுக்குள் இருக்க வேண்டியது, சராசரியாக 32,000ஐத் தாண்டியிருந்தது. ஒருவருக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேல்! வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலோர் பரிசு பெல்ட் பக்கிளோடு நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

பழியை ஏற்றத்தின் மேல் போடாதீர்கள், குற்றவாளி இறக்கம். அந்தப் பாதையில் ஏற்றம் சுமார் 5,500 மீட்டர், இறக்கமோ 7,000. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. சேதம் அங்கேதான் அதிகம். சிதைந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறும்.

இந்த நேரம் பார்த்து ‘வலிக்குதே’ என்று இபுபுரூஃபன் விழுங்குகிறவர்கள் உண்டு. அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைத்துவிடும். தண்ணீரை அண்டா அண்டாவாகக் குடிப்பதும் ஆபத்து; ரத்தத்தில் சோடியம் சரியும்.

ஓடி முடித்தபின் சிறுநீர் கறுத்தால், மெடலோடு செல்ஃபி அப்புறம். முதலில் மருத்துவமனைக்கு ஓடுங்கள். வேண்டாம், ஆட்டோவிலேயே போங்கள்.