இரண்டாவது படம்

என் லைக்கா எம்4-2 கமரா கனடாவில் செய்யப்பட்டது. ரொறொன்ரோவுக்கு வடக்கே, ஜோர்ஜியன் விரிகுடாக் கரையில் மிட்லண்ட் என்றொரு சிறு பட்டினம் இருக்கிறது. லைக்காவைச் செய்த லைற்ஸ் நிறுவனம் 1952இல் அங்கே தொழிற்சாலை திறந்தது. 1977இல் எம்4-2 அங்கிருந்துதான் வெளிவந்தது. அதற்கு முந்திய எம்2, எம்4 கமராக்களில், பிலிமைத் தானாக நகர்த்தும் மோட்டரைப் பூட்ட வேண்டுமென்றால், அதற்கென்றே மாற்றிச் செய்த ஒரு சில கமராக்களைத் தேடவேண்டும். எம்4-2இல்தான் சாதாரணக் கமராவுக்கே வைண்டர் எனும் அந்த மோட்டரைப் பூட்டும் வழி வந்தது. மோட்டரின் இழுவையைத் தாங்க, உள்ளே பித்தளைப் பற்சக்கரங்கள் போய் உருக்குச் சக்கரங்கள் வந்தன. மோட்டருக்காகவே பலப்படுத்திய அந்தக் கமராவை இத்தனை காலமும் பெருவிரலால் நெம்பியே பாவித்து வந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் ஸ்காபரோவில் கலியாணப் படம் எடுக்கத் தொடங்கினேன். அப்போதே வைண்டர் பூட்டுவதா வேண்டாமா என்ற யோசனை இருந்தது. வினாடிக்கு மூன்று படம் வரை இழுக்கும் என்றார்கள். முப்பத்தாறு படமுள்ள சுருள் பன்னிரண்டு வினாடியில் தீர்ந்துவிடும். அதன்பின் வைண்டரைக் கழற்றினால்தான் அடுத்த சுருளைப் போடலாம், ஏனென்றால் கமராவின் அடித்தகடு இருக்கும் இடத்தில்தான் வைண்டர் உட்கார்ந்திருக்கும். பிலிமைத் திருப்பிச் சுற்றுவதும் கையால்தான். நான் எண்ணி எண்ணிப் பிலிம் வாங்கிய காலம் அது.

ஆனால் வேண்டாமென்று நான் முடிவெடுத்தது செத்தவீடுகளுக்காக. யாழ்ப்பாணத்திலிருந்து தாய் தகப்பன் வர முடியாத காலம். இங்கே பிள்ளை இறந்தால், முகத்தையாவது அவர்கள் பார்க்க வேண்டுமென்று படம் எடுத்து அனுப்புவார்கள். அந்த அறையில் தேவாரம் முடிந்தபின் ஒரு நிசப்தம் வரும். எம் கமராவின் துணி ஷட்டர் மெல்ல ஒரு தட்டுத் தட்டி அடங்கிவிடும், பக்கத்தில் நிற்பவர்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார். அங்கே ஒவ்வொரு படத்துக்கும் மோட்டர் இரைந்தால், அழுகிற தாய்மாமன் என்னை நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பிறகு ஒரு படமும் எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது. அப்போது செய்தது சரியான முடிவு என்று இன்றும் சொல்வேன்.

கலியாண மண்டபத்தில் கதை வேறு. என் லைக்கா போன்ற ரேஞ்ச்பைண்டர் கமராவில் கண்ணாடி எழுந்து விழுவதில்லை. எஸ்எல்ஆர் கமராவில் அது எழுவதால், படம் பதிகிற கணம் கண்ணுக்கு இருட்டு. ரேஞ்ச்பைண்டரில் அந்தக் கணம் முழுதாகத் தெரியும். கெட்டிமேளம் கொட்டுகிறது, தாலி ஏறுகிறது, அறுகரிசி பறக்கிறது, படம் எடுத்தாயிற்று. அடுத்த அரைவினாடியில் பெண் நிமிர்ந்து தாயைப் பார்க்கிறாள். அதையும் அதே சாளரத்தில் தெளிவாகப் பார்க்கிறேன். பார்க்க மட்டும்தான் முடிகிறது, பிலிம் இன்னும் நகரவில்லை.

எனக்கு இடக்கண்தான் கமராக் கண். இந்தக் கமராவின் சாளரமோ இடது ஓரத்தில். வலக்கண்ணால் பார்ப்பவருக்கு முகம் ஒதுங்கி நிற்கும், பெருவிரல் தாராளமாக நெம்புகோலை இழுக்கலாம். இடக்கண்ணுக்கு வைத்தால் கமரா முழுமுகத்தையும் மறைக்கும். நெம்புகோலை இழுத்தால் பெருவிரல் வலக்கண்ணில் குத்தும். ஆகவே ஒவ்வொரு முறையும் கமராவை முகத்திலிருந்து எடுக்க வேண்டும், நெம்ப வேண்டும், திரும்ப வைக்க வேண்டும். அந்தத் தாய்க்கும் மகளுக்கும் நடுவே போன பார்வை ஒன்றும் என் நெகட்டிவ்களில் இல்லை. தாலி இருக்கிறது, மேளகாரர் இருக்கிறார், தோழி இருக்கிறாள். யாழ்ப்பாணத்திலிருந்த அம்மம்மாவுக்குத் தபாலில் போனதும் இவைதான்.

கண்ணை எடுக்காமல் அந்த இரண்டாவது படத்தை எடுக்கத்தான் வைண்டர். வினாடிக்கு மூன்று, பன்னிரண்டு வினாடிக்கு முப்பத்தாறு என்ற கணக்கெல்லாம் விளையாட்டுப் போட்டி எடுப்பவருக்கு. 1957இல் நிக்கோன் எஸ்பி கமராவுக்கு எஸ்-36 என்ற மின்மோட்டர் வந்ததே அந்த அவசரத்துக்குத்தான். வீட்டு விசேஷத்தில் எடுப்பவனுக்கு அடுத்த ஒரேயொரு படம் போதும்.

இப்போது செத்தவீட்டை நேரலையில் காட்டுகிறார்கள். ஊரிலுள்ள தாய் கைபேசியில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிடுகிறாள். நான் அங்கே கமரா கொண்டுபோவதில்லை. வேண்டாம் என்று சொல்ல வைத்த காரணம் போய்விட்டது. என் பெருவிரல் மூட்டிலும் நோ பிடித்திருக்கிறது. குளிர் நாளில் நெம்புகோலை இழுத்து முடிப்பதே பாடு.

பிலிமுக்குத் திரும்பிவரும் இளம் பிள்ளைகள் சிலர், வைண்டர் என்றதும் முகம் சுளிக்கிறார்கள். பிலிம் என்றால் நிதானம், மோட்டர் அதைக் கெடுக்கும் என்கிறார்கள். நாங்கள் நிதானத்துக்காகப் பிலிம் போடவில்லை. அப்போது இருந்தது பிலிம் மட்டுமே, அதை வைத்துக்கொண்டு எவ்வளவு கெதியாக முடியுமோ அவ்வளவு கெதியாக எடுத்தோம். தாலி கட்டும் நேரம் படக்காரனுக்காகப் பொறுத்து நிற்காது. அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு அன்புதான், ஆனால் இந்த ஒன்றில் நான் ஒத்துப்போகமாட்டேன்.

லைக்காவிட் என்றொரு கைவிசைக் கருவியும் உண்டு. அடித்தகட்டுக்குப் பதிலாகப் பூட்டி, கீழேயுள்ள விசையை இடக்கை விரல்களால் இழுத்தால் பிலிம் நகரும். பற்றரி வேண்டாம், பெருவிரலுக்கும் வேலையில்லை. பழைய லைக்காக்களுக்கு இருந்த கருவி அது. 2003இல் லைக்கா எம்பி கமராவோடு மறுபடி வந்தது, எம்4-2க்கும் பொருந்தும். நல்ல வேலைப்பாடு. ஆனால் என் நோ நாளைக்கு மற்ற விரல்களுக்கும் பரவலாம்.

பேத்தியின் அரங்கேற்றம் வருகிறது. தட்டுக்கழியும் மிருதங்கமும் சலங்கையும் ஒலிக்கிற மேடையில் மோட்டர் இரைச்சல் யாருக்கும் கேட்காது. ஜதி முடிந்து நின்றபின், மூச்சு வாங்கியபடி அவள் நட்டுவனாரைப் பார்க்கிற பார்வை எனக்கு வேண்டும். பழைய வைண்டர் ஒன்றைச் சொல்லி வைத்துவிட்டேன். மண்டபத்துக்குள் அது. வெளியே தை மாதக் குளிரில் மட்டும் அடித்தகட்டுக்கே திரும்புவேன்: வறண்ட குளிர்காற்றில் பிலிம் வேகமாக இழுபட்டால் நிலைமின் பொறி தட்டி, படத்தில் கிளைவிட்ட வெள்ளைக் கீறல்கள் விழும். அங்கே கையுறையைக் கழற்றி, நோவோடு, மெல்லத்தான் நெம்ப வேண்டும்.