பூட்ஸ் உழைப்பியல்: ஒரு முன்னோட்டத்துக்கான முன்னுரை

கால்பந்து பூட்ஸ் எத்தனை நாள் உழைக்கும் என்பது பற்றித் தமிழில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழவில்லை. (நிகழ்ந்திருக்கிறதா என்று நான் தேடவில்லை. ‘இத்துறையில் இதுவே முதல் முயற்சி’ என்று தொடங்குகிறவர்கள் யாரும் தேடுவதில்லை. அந்த மரபை உடைக்க நான் யார்?) ஆடுகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “எவ்ளோ நாள் வரும்ணே?” பெரியமேட்டுக் கடைக்காரர் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: “நீ யூஸ் பண்றதப் பொறுத்துப்பா.” இந்தப் பதிலைப் பதவுரை, விளக்கவுரையுடன் விரித்தால் முந்நூறு பக்கம் வரும். பட்டம் வாங்கும் உத்தேசம் இல்லாததால் சுருக்கியிருக்கிறேன்.

பூட்ஸ் நான்கு வகைப்படும் என்பர் தரைவழிப் பள்ளியினர்: மென்தரைக்கு ஒன்று, உறுதியான புல்தரைக்கு ஒன்று, செயற்கைப் புல்லுக்கு ஒன்று, அடிப்பகுதி முழுக்கக் குட்டிக் குட்டி ரப்பர்க் குமிழ் வைத்த டர்ஃப் ஷூ ஒன்று. இல்லை, இரண்டே வகைதான் என்பர் விலைவழிப் பள்ளியினர்: அப்பா வாங்கித் தந்தது, நாமே வாங்கியது. முன்னது சீக்கிரம் கிழியும். இரவல் பூட்ஸ் இவ்விரண்டிலும் அடங்காது. அது திரும்பி வராததால் அதன் ஆயுளை யாரும் அளந்ததில்லை.

மென்தரை வகைக்கு ஒரு வரி போதும்: நமக்கு வேண்டாம். ஆனால் மேற்கோள் இல்லாமல் ஒன்றை ஒதுக்கினால் ஆய்வாகாதே. 1954 உலகக் கோப்பை இறுதியாட்டம், பெர்ன் நகரம், நல்ல மழை. எட்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டுவிட்ட ஹங்கேரியை, திருகிக் கழற்றி மாட்டும் ஸ்டட்களோடு இறங்கிய மேற்கு ஜெர்மனி 3-2 என்று வென்றது. சேற்றுக்கு ஏற்ற நீளத்தில் ஸ்டட்டை மாற்றிக்கொள்ள முடிந்தது ஒரு காரணம் என்று இன்றும் பேசுகிறார்கள். இதைப் படித்துவிட்டு வியாசர்பாடியின் சித்திரை மாதத் தரையில் அதே ஸ்டட்டை மாட்டிக்கொண்டு ஓடுவதற்கு ஆய்வுலகில் ‘ஒப்பியல் நோக்கு’ என்று பெயர். எலும்பு டாக்டர் வேறு பெயர் சொல்வார்.

நம்முடைய தரை பெரும்பாலும் புல் பெயருக்கு இருக்கும் கட்டாந்தரை. புல்தரைக்கென்று செய்த பூட்ஸில் ஸ்டட் பத்துப் பன்னிரண்டுதான். ஆளின் எடை முழுவதும் அவற்றின் நுனியிலேயே இறங்கும். புல்லில் அவை மண்ணுக்குள் புதையும். இங்கே புதைய வழியில்லாததால் சரளை மண் உப்புத்தாள் போல அவற்றைத் தேய்த்துவிடும். டர்ஃப் ஷூவில் அதே எடையைப் பத்துக் கணக்கான குமிழ்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. காலுக்கும் நல்லது, காசுக்கும் நல்லது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல்லிலும் இதுவே போதும். அங்கே நீண்ட ஸ்டட் போட்டால் கால் மாட்டிக்கொண்டு முழங்கால் மட்டும் திரும்பும்.

பூட்ஸே வேண்டாம் என்ற பழம்பெரும் பள்ளி ஒன்றும் நம்மிடம் இருந்தது. 1911-ல் மோகன் பகான் அணி, ஒரே ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பலர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்தார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். இரண்டு பெனால்டி வீணாயின. ஆட்டம் 2-1 என்று கைவிட்டுப் போனது. செலவுக் கணக்கில் இந்தப் பள்ளியை யாரும் வெல்ல முடியாது: முதலீடு கிடையாது, அடிப்பாகம் தேய்ந்தால் தானே வளரும். 1952-ல் ஹெல்சின்கி குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகு பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. கோட்பாடு பிழைத்தது, பள்ளியை மூடிவிட்டார்கள்.

இனி விலை. இருபதாயிரம் ரூபாய் பூட்ஸ் நூறு ஆட்டம் உழைத்தால் ஆட்டத்துக்கு 200 ரூபாய். ஆயிரம் ரூபாய் ஷூ இருபதே ஆட்டத்தில் வாயைப் பிளந்தாலும் ஆட்டத்துக்கு 50 ரூபாய்தான். அதை நூறு ரூபாய்க்குத் தைத்து இன்னொரு இருபது ஆட்டம் ஓட்டினால் 27 ரூபாய் 50 காசு. விலை ஏற ஏறப் பூட்ஸின் எடைதான் குறையுமே தவிர ஆயுள் கூடாது. மெல்லிய மேல்பாகம் ஓட்டத்துக்காகச் செய்தது. உழைப்பைப் பற்றிக் கவலைப்படாத, அடுத்த ஜோடி வீடு தேடி வரும் ஆட்களுக்காகச் செய்தது. 1982 ஸ்பெயின் உலகக் கோப்பையை மனதில் வைத்து 1979-ல் அடிடாஸ் கொண்டுவந்த கோப்பா முண்டியால் கங்காருத் தோலில் செய்த, கனமான, அலங்காரமில்லாத பூட்ஸ். அதற்கு இன்னும் ஆள் இருக்கிறது என்றால் அது அழகாக இருப்பதால் அல்ல.

விவரம் தெரிந்தவர்கள் புது ஷூவை வாங்கியதும் மைதானத்துக்குப் போவதில்லை. முதலில் செருப்புத் தைக்கும் அண்ணாச்சியிடம் போய்ச் சுற்றிலும் நைலான் நூலில் தையல் போட்டுக்கொள்கிறார்கள். பசையை மட்டும் நம்பி ஒட்டிய ஷூ எங்கே வாய் பிளக்கும் என்று அவர் பார்த்தவுடனே சொல்லிவிடுவார். அவர் எதிலும் மேற்கோள் காட்டுவதில்லை. ஆகவே இத்துறையில் அவருக்கு இடமில்லை.

அடுத்தது உலர்த்தல். இதற்கு நானே ஒரு நூற்பா யாத்திருக்கிறேன்: ‘நனைந்தால் உலர்த்து, உலர்த்துவதாக எண்ணி வேகவைக்காதே.’ மொட்டை மாடி வெயில், அடுப்படி, பைக் சைலன்சர் பக்கம் மூன்றும் ஆகாது. சூட்டில் பசை இளகும். தோல் வறண்டு வெடிக்கும். பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். உள்ளே இருக்கும் அட்டையை எடுத்துவிட்டு, நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணித்து, நிழலில் காற்றோட்டமாக வைக்க வேண்டும். பேப்பர் நனைந்ததும் மாற்ற வேண்டும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் எந்தப் பேப்பர்? இங்கேதான் அறிவுலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது.

காலைப் பத்திரிகையே சிறந்தது, பக்கம் அதிகம் என்பது ஒரு கட்சி (டீக்கடை பெஞ்சு, இடமிருந்து இரண்டாமவர், வாய்மொழி). மாலைப் பத்திரிகையே சிறந்தது, அதில் செய்தி இல்லாததால் உறிஞ்ச இடம் அதிகம் என்பது எதிர்க்கட்சி (மேற்படி பெஞ்சு, வலது ஓரம், வாய்மொழி; சொன்னவர் வாயில் பஜ்ஜி இருந்தமையால் பிற்பகுதி சிதைவுற்றது). ‘இடம் அதிகம்’ என்பதை ‘இதம் அதிகம்’ என்று பாடம் கொள்வாரும் உளர் (பஜ்ஜி நீங்கியபின் கிடைத்த திருந்திய பாடம், அதற்குள் டீ வந்துவிட்டதால் மூலத்தோடு ஒப்பிட இயலவில்லை, டீக்கான காசு யார் தருவது என்பதில் இரு கட்சிகளும் ஒத்த கருத்துடையன: நான்). கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தைப் பூட்ஸுக்குள் வைத்தால் அபசகுனம் என்று கோல்கீப்பர்கள் மட்டும் கருதுகின்றனர் (கோல்கம்பக் கல்வெட்டு, வடக்குக் கம்பம், அடுப்புக்கரியால் எழுதியது; பாதி மழையில் அழிந்தது, மீதிப் பாதி ஒரு போன் நம்பர்; கூப்பிட்டதில் தண்ணீர் லாரிக்காரர் எடுத்தார், எத்தனை லிட்டர் என்று கேட்டாரே ஒழியக் கருத்துரைக்கவில்லை).

ஞாயிற்றுக்கிழமை இணைப்பின் வழவழப்பான தாள் ஆகாது. மேலே பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாமல் ஓடும். பல்கலைக்கழக ஆய்வேடுகளின் தாளும் அப்படியே. மை பரவாதிருக்கப் பசையூட்டிய கெட்டி வெள்ளைத் தாள் அது. அதற்குள்ளும் எதுவும் இறங்காது, அதிலிருந்தும் எதுவும் வெளியே வராது. இருபது வருடம் நூலக அலமாரியில் நின்றபின்னும் கைபடாத புதுக்கருக்கோடு இருப்பதால், நீடித்த உழைப்பு என்ற ஒரே அளவுகோலில் அது எல்லாப் பூட்ஸையும் மிஞ்சுகிறது.

கடைசியாக, போடாமல் பத்திரமாக வைத்தால் நெடுநாள் வரும் என்னும் பரண் கொள்கை. இது தவறு. பல ஷூக்களின் மேல்பூச்சிலும் பசையிலும் உள்ள பாலியூரிதேன், காற்றின் ஈரத்தாலேயே நாளடைவில் சிதையும். கடலோர ஊர்க்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அண்ணன் காலேஜ் டீமில் போட்ட பூட்ஸைத் தம்பிக்காகப் பரணில் ஏற்றிவைத்தால், எடுக்கும்போது பூச்சு செதில் செதிலாக உரிந்து கையோடு வரும். வாங்கினால் ஆடுங்கள். கழற்றும்போது மறு காலால் குதியை மிதித்துத் தள்ளாமல், குனிந்து லேஸை அவிழுங்கள். குதிப்பக்கம் மடிந்த பூட்ஸை எந்த அண்ணாச்சியாலும் நிமிர்த்த முடியாது.

இதை மறுத்து எழுத விரும்பும் அறிஞர்கள் தாராளமாக எழுதலாம். நியூஸ்பிரிண்ட் தாளில் அச்சடித்து அனுப்பும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வலது பூட்ஸுக்கு அது ஆகும். இடது பூட்ஸுக்கு இந்தக் கட்டுரை போதும்.