பத்து நிமிடத்துக்கு எட்டுப் பக்கம்

கிருலப்பனையில், ஹைலெவல் வீதி பஸ் இரைச்சலுக்கு நடுவே ஓர் இளம் விரிவுரையாளர் மாநாட்டில் பத்து நிமிடம் பேசியதைக் கட்டுரைத் தொகுதிக்காக எட்டுப் பக்கமாக ஊதிக்கொண்டிருக்கிறார். புண்ணிய காரியம். முடிவுரை ஒரு பந்தி. உசாத்துணை இரண்டு பக்கம். மதிப்பீட்டாளரின் சொந்தக் கட்டுரைகளும் அதில் உண்டு, தற்செயலாக.

கோலாலம்பூரில் 1966இல் நடந்த முதலாவது உலகத் தமிழ் மாநாட்டுக் கட்டுரைகளின் முதல் தொகுதி 1968இல்தான் வந்தது. பாவம், வாசித்துப் பார்த்திருப்பார்கள்!

அந்தக் குறை இப்போது இல்லை. எம்.ஐ.டி. மாணவர் மூவரின் கணினி நிரல் உளறிக்கொட்டிய கட்டுரையொன்றை 2005இல் அமெரிக்க மாநாடொன்று மனமுவந்து ஏற்றது. அதே நிரல் எழுதிய 120க்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஸ்பிரிங்கரும் ஐ.ஈ.ஈ.ஈ.யும் அழகாக வெளியிட்டு, 2014இல் அகற்றின.

நம்மவர் கட்டுரை மட்டும் திரும்பி வந்தது. ஓரவெளி இரண்டு மில்லிமீற்றர் கூடவாம்.