கோப்பையும் கைப்பிடியும்

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. அந்த செல்லைக் கொண்டா. என்னது, பச்சையும் சிவப்புமா மெழுகுவத்தி நட்டு வச்சிருக்கு? தங்கமா? பத்து வருசம் கழிச்சு என்ன விலை விக்கும்னு இதுல தெரிஞ்சிருமா? சரித்தான். போன வாரம் வந்த குடுகுடுப்பைக்காரன் இதே சோலிக்கு ஒரு பழைய வேட்டிதான் கேட்டான். இந்த விலைப் படம் படிக்குத வகுப்புக்கு மாசம் எவ்வளவுலே கட்டுத?

கோவிச்சுக்கிடாத, நானும் கத்துக்கிடுதேன். இதுக்குப் பேரு 'கப் அண்ட் ஹேண்டில்'. அப்படித்தான? 2011-ல அவுன்சு 1,900 டாலர், இடது விளிம்பு. 2015 கடைசியில 1,050, அதுதான் அடி. 2020-ல 2,000-த்தைத் தாண்டி வலது விளிம்பு. பிறகு மூணரை வருசம் கைப்பிடி. 2024 மார்ச்சுல அதையும் தாண்டிக் குதிச்சு, 2025 அக்டோபர்ல 4,000. வேளாரு கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள வனையுத கோப்பையை உங்க ஆளுக 13 வருசமா வனைஞ்சிருக்காங்க! ஒண்ணே ஒண்ணு கேக்கேன். 2015-ல அடியில கெடக்கும்போது இதைக் கோப்பைன்னு எத்தனை பேரு சொன்னான்? அன்னைக்கு அது உடைஞ்ச பானைலே.

போகட்டும். தொழில்னு இறங்கிட்ட, பிழைக்க வழி சொல்லுதேன். படத்துல விலைக் கோட்டை எந்த வருசத்துல தொடங்கணும்னு, யோசனை கேட்டு வந்த ஆளைப் பாத்து முடிவு பண்ணு. வாங்க வைக்கணுமா, 1999-ல தொடங்கு. அவுன்சு 250 டாலர் சொச்சம். இங்கிலாந்துக்காரன் அந்த வருசம் பாத்துத்தான் கஜானாத் தங்கத்தை விக்க ஆரம்பிச்சு, 2002-க்குள்ள 395 டன்னு தள்ளிவிட்டான். அவன்கிட்டயும் படிச்சவன் இருந்திருப்பான்லா! பயமுறுத்தணுமா, 1980 சனவரியில தொடங்கு. 850 டாலர். அந்த உச்சியைத் திரும்பப் பாக்க 2008 ஆச்சு. அன்னைக்குத் தொட்டில்ல கெடந்த பிள்ளை, தன் பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருக்கும்.

அப்புறம் அளவுகோல். இப்பம் கடைசியில பனைமரமா நிக்குல்லா, அந்த 'லாக்' பொத்தானை அமுக்கு. அதுல 35-லேர்ந்து 70-க்குப் போறதும் 2,000-லேர்ந்து 4,000-க்குப் போறதும் ஒரே ஒசரம். பனையை எங்கலே காணும்? 1971-ல நிக்சன் டாலருக்குத் தங்கம் கெடையாதுன்னு கதவைச் சாத்துனாரே, அதுக்கப்புறம் ஒம்பது வருசம் ஏறுனது இருக்கு பாரு, அதுதான் மலை. அதே தங்கம், அதே விலை, கோல்தான் வேற.

இதை உங்க பாட்டிகிட்ட காட்டிராத. 28 வருசம் தங்கம் தூங்குச்சுன்னு சொன்னா வெளக்கமாத்தை எடுப்பா. 1980-லேர்ந்து 1999-க்குள்ள தங்கத்தோட டாலர் விலை சரிஞ்சிருந்தாலும், அவ சங்கிலி ரூவாக் கணக்குல ஏறித்தான் இருக்கு. தங்கம் வளரலை, 8 ரூவா டாலர் 43 ரூவா ஆயிட்டு. உன் படத்துல ரூவாயும் கெடையாது, வரியும் கெடையாது. 2024 சூலை 23, பட்ஜெட்ல இறக்குமதி வரியை 15-லேர்ந்து 6 சதவீதத்துக்குக் குறைச்சாங்க. அன்னைக்கே பவுன் விலை விழுந்துச்சு. 200 நாள் சராசரிக் கோடு முந்துன நாள் ராத்திரி உன் காதுல ஏதும் சொல்லுச்சா?

அடடா, வெத்தலைக்குத் தடவுன சுண்ணாம்பு விரலு கண்ணாடியில இழுத்துட்டு. தொடைக்காதலே, தொடைக்காத. நல்ல வெள்ளைக் கோடு, அடிவாரத்தை ஒட்டியே போகுது. நாளைக்கு வாத்தியார்கிட்ட காட்டு. என்ன பேரு வைக்காருன்னு கேட்டுட்டு வா.