வாழைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்கு

குண்டசாலைப் பக்கம் இருபது பேர்ச் காணி வாங்கப் போறியாமே மருமகனே? விலையும் மலிவாம், சொந்தக்காரர் மெல்பேர்ன்லயாம். காணிப் பதிவகத்துல தேடிப் பாத்தியாம், உறுதியில ஒரு கறை இல்லையாம். கெட்டிக்காரன்தான்! அங்க தொங்குற வாழைக்குலைய யார் வெட்டுறான்னு மட்டும் கேக்க மறந்துட்ட.

வெள்ளைக்காரன் 1871ல இலங்கையில போட்ட ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடதான் இருக்கு. ஒருத்தன் உனக்கு வாடகை கொடுக்காம, உன்னைச் சொந்தக்காரன்னு ஒத்துக்காம, பத்து வருஷம் தடங்கலில்லாம ஆண்டுட்டா, கோர்ட்டுல காணி தனக்குன்னு தீர்ப்புக் கேக்கலாம். தீர்ப்பு வரும்வரைக்கும் அது பதிவேட்டுல ஏறாது, வாழையிலதான் ஏறும். அவன் வந்து குந்தினப்பவே சொந்தக்காரர் கடல் கடந்திருந்தா சட்டம் கொஞ்சம் இரங்கும். அதுவும் முப்பது வருஷம் வரைக்கும்தான். அரசாங்கக் காணியில இந்தப் பத்து வருஷக் கணக்கு செல்லாது. அதனாலதான் பாவம், உன் காணி மேல அவனுக்கு அத்தனை பாசம்.

முதல்ல மாடு கட்டுவான். மாட்டை யாராவது கோவிப்பாங்களா? அப்புறம் ரெண்டு வாழைக்கன்று, ஒரு தகரக் கொட்டில், கரண்டு மீட்டர், வாக்காளர் இடாப்புல பேர். கடைசியா, ‘நான்தான் ஆண்டு வாறன்’னு ஒரு நொத்தாரிசுகிட்ட பிரகடன உறுதி. அது அவன் வாய்ச்சொல்தான், தீர்ப்பில்ல. ஆனா அதைக் காட்டி உனக்கே விற்க வந்தாலும் வருவான்!

பின்னேரமாப் போய் அவன்கிட்ட பேச்சுக் கொடு. வாழையைப் புகழு. ‘முதலாளி பாத்துக்கச் சொன்னார்’னு சொன்னா கட்டிப் பிடிச்சுக்க, அதையே எழுத்துல வாங்கி, ரெண்டு சாட்சியும் வச்சுக்க. அனுமதியோட வந்தவன் வெளிப்படையா எதிர்த்து நிக்காத வரைக்கும் காலம் ஓடாதுன்னு நகுதா மரிக்கார் வழக்குல 1903லயே லண்டன்ல முடிவாயிருச்சு. ‘எங்க தாத்தா நட்ட பலா’ன்னு தொடங்கினானா, தேத்தண்ணியைக் குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல ஏறு.

பிரிக்காத பங்குக் காணின்னா அது வேற தலையிடி. ஒரு பங்காளி சும்மா குந்தியிருந்து மத்தவங்க பங்கைத் தின்ன முடியாதுன்னு 1911 தீர்ப்பு இருக்கு. ஆனா பிரிவினை வழக்குப் போட்டா உன் பேரன் கல்யாணத்துக்கு முடியும்.

வாங்கின பிறகு, வீரம் வந்து பொடியன்களைக் கூட்டிப் போய் கொட்டிலைப் பிடுங்கிராத. அவன் ரெண்டு மாசத்துக்குள்ள பொலிசுக்கும் ஆரம்ப நீதிமன்றத்துக்கும் போவான். அந்த நீதிமன்றத்துக்கான 1979ஆம் வருஷச் சட்டத்தோட 66ஆம் பிரிவுப்படி அங்க உறுதி யார்கிட்டன்னு பாக்கமாட்டாங்க, யார் இருந்தான்னுதான் பாப்பாங்க. நீ உறுதியைக் கையில வச்சுக்கிட்டு வெளிய நிப்ப, அவன் உள்ள தேத்தண்ணி ஊத்துவான். மாவட்ட நீதிமன்றத்துல வழக்குப் போட்டு வெளியேத்துறதுதான் வழி. அதுக்குச் செலவும் உன்னோடது.

அதனால நில அளவையாளரைக் கூட்டிட்டுப் போய், கொட்டிலையும் வேலியையும் வரைபடத்துல போடச் சொல்லு. காணியை வெறுமையாக்கித் தந்தாத்தான் காசுன்னு விற்கிறவர்கிட்ட சொல்லு. அவர் இழுத்தா வேற காணி பாரு.