கொஞ்சம் பிடிங்க சார்

மோட்டார் சைக்கிளே உலகமாக ஃப்ளாட்டுக்கு ஒருவர் இருப்பார். இவர் வண்டியை இவர் மட்டும்தான் பார்ப்பார். கம்பெனி சர்வீஸுக்கு விட மாட்டார், தெருமுனை மெக்கானிக்கையும் நம்ப மாட்டார். “நம்ம வண்டிய நாமதான் சார் பாத்துக்கணும்” என்பார். அடுத்த பத்தாவது நிமிடம் ஹேண்டில்பாரை இரண்டாம் மாடி எல்.ஐ.சி. ஏஜென்ட் பிடித்துக்கொண்டிருப்பார். பின்சக்கரத்தை வாட்ச்மேன் சுற்றிக்கொண்டிருப்பார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் குனிந்து செல்போன் டார்ச் அடித்துக்கொண்டிருப்பார். இவர் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆக, சொன்ன சொல் தவறாதவர்தான்.

வண்டி எதுவாகவும் இருக்கலாம். 2003-இல் வந்த 223 சிசி கரிஸ்மாவை இன்னும் விற்க மனசில்லாமல் வைத்திருக்கலாம். 2016 கடைசியில் வந்த டாமினார் 400 ஆக இருக்கலாம். சம்பளம் தாராளம் என்றால் 649 சிசி நிஞ்சா. கேட்டால் ஸ்போர்ட்ஸ் டூரர் என்பார். வேகமாகவும் போகலாம், இடுப்பு ஒடியாமல் நெடுந்தூரமும் போகலாம் என்று செய்த வண்டி அது. லடாக்கின் உம்லிங் லா கணவாய் 19,024 அடி உயரம் என்பது இவருக்கு மனப்பாடம். வண்டியோ பெரும்பாலும் லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டார் அறைக்கும் நடுவில் நிற்கிறது.

அந்த இடத்தில்தான் சூட்சுமம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குப் பழைய போர்வையை விரித்து ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்குவார். பால் வாங்கி வருகிறவர், குப்பை கொட்டப் போகிறவர், மோட்டார் போடப் போகிறவர் என்று யாரும் இவரைத் தாண்டாமல் போக முடியாது. தலை நிமிர மாட்டார். செருப்புச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

“சார், ஒரே நிமிஷம். கொஞ்சம் பிடிங்க.”

பிடித்தவருக்கு அன்றைய காலை முடிந்தது.

முதலில் செயின். ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை செயினைச் சுத்தம் செய்து ஆயில் போட வேண்டும் என்பது வண்டி ஓட்டுகிறவர்களின் பொதுவான கணக்கு. இவருக்கு வாரக் கணக்கு. போன ஞாயிற்றுக்குப் பிறகு வண்டி காய்கறிக் கடைவரை போய் வந்திருந்தாலும் செயின் அழுக்காகத்தான் இருக்கும். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்த பேடாக் ஸ்டாண்ட் வாங்கி வைத்திருக்கிறார். அதை மாட்ட வண்டியை நேராக ஒருவர் பிடிக்க வேண்டும். கிட்டத்தட்ட இருநூறு கிலோ எடை. “சாயாமப் பிடிங்க, இந்தப் பக்கம் நான் இருக்கேன்” என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வரும். பிடிப்பவருக்கு இடுப்பில் டிஸ்க் பிரச்சினை இருப்பதை இவரும் அறிவார், அசோசியேஷன் முழுதும் அறியும்.

அடுத்து சக்கரம் சுற்ற ஒரு ஆள். இன்ஜினை ஓடவிட்டு கியர் போட்டுச் சுற்றினால் துணியோடு விரலும் ஸ்பிராக்கெட்டுக்குள் போய்விடும் என்பார். அது உண்மை. ஆகவே கையால்தான் சுற்ற வேண்டும், இவர் கையால் இல்லை. சுற்றும்போது பாடமும் நடக்கும். “செயினுக்குள்ள ஓ-ரிங் இருக்கு அண்ணே. பெட்ரோல் ஊத்தினா ரப்பர் கெட்டுடும், உள்ள இருக்கிற கிரீஸும் போயிடும்.” வாட்ச்மேனிடம் இருப்பது செயின் கவர் போட்ட பழைய சைக்கிள். அவர் தலையாட்டுவார், மெல்லச் சுற்றுவார்.

செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. அதனால் சக்கரத்தைச் சுற்றி, எங்கே அதிக இறுக்கமோ அங்கே வைத்துத்தான் தொய்வை அளக்க வேண்டும். இவர் விரலால் செயினை மேலே தூக்குவார், கீழே அமுக்குவார். ஸ்கேல் பிடித்து எண் சொல்ல ஒரு ஆள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் இரண்டு பக்கத்திலும் கோடு போட்டிருக்கும், இரண்டிலும் சக்கரம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இடப்பக்கக் கோட்டைப் படிக்க இன்னொரு ஆள். எல்லாம் சரியாகி அச்சு நட்டை இறுக்கினால் செயினும் கொஞ்சம் இறுகியிருக்கும். “சார், போயிடாதீங்க. திரும்ப முதல்லேர்ந்து.”

அந்த நட்டை இறுக்குவதற்கு ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கியிருக்கிறார். மேனுவலில் போட்ட நியூட்டன் மீட்டரை அதில் வைத்துத் திருகினால், அளவு வந்ததும் ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு இவருக்குச் சாட்சி வேண்டும். “கேட்டுச்சா?” என்பார். கேட்கவில்லை என்று சொன்னவர் கெட்டார், நட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்குவார். கேட்டது என்று சொல்வதே எல்லாருக்கும் நல்லது. முதல் மாடி மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம். அவரும் “நன்னாக் கேட்டது” என்று சொல்லிவிட்டுத்தான் லிஃப்ட் ஏறுகிறார்.

இதெல்லாம் பரவாயில்லை. பிரேக் ஆயில் மாற்றும் நாள்தான் நாள். டாட் 4 என்ற அந்தத் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸாவது தாங்க வேண்டியது, ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரிக்கே கொதிக்கலாம். மலை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் சூட்டில் ஆவிக் குமிழ் உண்டாகி, லீவர் கைக்கு இலேசாக வந்துவிடும், வண்டி நிற்காது. ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் வழக்கில்லை. “கொல்லிமலையில எழுபது ஹேர்பின் சார், விளையாட்டா?” என்பார். அந்த எழுபதையும் இவர் யூடியூபில் பலமுறை இறங்கியிருக்கிறார்.

அன்றைக்கு லீவரை அமுக்கச் சிக்கியவர் தலைமையாசிரியர். பழைய ஆயில் வெளியேறும் நிப்பிள் இவர் கையில்.

“சார், லீவரை விட்டு விட்டு அமுக்குங்க. மூணு தடவை. இப்ப அமுக்கிப் பிடிங்க. விடக் கூடாது.”

“பிடிச்சிருக்கேன்.”

“நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க. இப்ப நிப்பிளைத் திறக்கறேன்... குமிழி வருது, வருது... விடாதீங்க...”

“என்னங்க, காப்பி ஆறுது!” இது மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து.

ஆசிரியர் நிமிர்ந்தார். கை தளர்ந்தது. நிப்பிள் மூடுவதற்குள் லீவர் திரும்பிவிட்டது, குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது.

“போச்சு சார்” என்றார் இவர், தேர்வில் தோற்ற பையனுக்குச் சொல்லும் தொனியில். “திரும்ப முதல்லேர்ந்து அமுக்கணும்.”

பணிக்காலம் முழுதும் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றிய மனிதர், ஆறிய காப்பியை நினைத்துக்கொண்டு லீவரை அமுக்கிக்கொண்டு நின்றார். அவருடைய பழைய மாணவர்கள் யாராவது பார்த்திருந்தால் திருப்தியாக இருந்திருக்கும்.

டார்ச் அடிப்பவர் பாடு தனி. எங்கே அடித்தாலும் தப்பு. “எனக்குத் தெரியற மாதிரி காட்டுங்க சார், உங்களுக்குத் தெரியற மாதிரி காட்டறீங்க” என்று ஒரு சள்ளை. நன்றி சொல்லும் வழக்கம் இவருக்கு இல்லை. வேலை முடிந்ததும் “பாத்தீங்களா, சர்வீஸ்ல விட்டிருந்தா மூவாயிரம் ஆயிருக்கும்” என்பார். பிடித்தவர்களின் கூலியைச் சேர்த்தால் மூவாயிரத்துக்கு மேல் வரும் என்று எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒருநாள் கணக்குப் போட்டுச் சொன்னார். அவரிடம் மட்டும் இரண்டு வாரம் பேசவில்லை.

மனைவியை ஏன் கூப்பிடுவதில்லை என்று கேட்கக் கூடாது. அந்த அம்மாளும் ஆரம்பத்தில் பிடித்தவர்தான். கட்டின புடவையில் செயின் ஆயில் தெறித்த நாளோடு ராஜினாமா செய்துவிட்டார்.

மாட்டல் வேலைகள் தனிக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இவர் கால் படாத கடையில்லை. உயரமான கண்ணாடித் தடுப்பு, ஹேண்டில் உயர்த்தும் ரைசர், போன் ஸ்டாண்ட், சார்ஜர், இரண்டு பக்கமும் பெட்டி. பெட்டிக்குள் வண்டி துடைக்கும் துணி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இவரோ “போல்ட் போட்டு மாட்டினதை எப்ப வேணா கழட்டிடலாம், அது மாத்தினதா ஆகாது” என்று தீர்ப்பளித்துவிட்டார். கூடுதல் விளக்கு மாட்டிய இரவில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று சுவரில் சாக்பீஸால் குறிக்க ஒரு கல்லூரிப் பையனை நிறுத்தினார். அந்தத் தம்பிக்கு வீடு திரும்பும்போது படி தெரியவில்லை.

சைலன்சரை மாற்றியதையும், அதைக் காலை ஆறு மணிக்குச் சோதித்ததையும் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது, அதில் நகைச்சுவை கிடையாது. ஆயில் மாற்றும்போது ஒன்றரை, இரண்டு லிட்டர் பழைய ஆயில் இறங்கும். எந்த ஆயில் ஊற்றலாம், எது கூடாது என்று அரைமணி நேரம் வகுப்பெடுப்பார். கார் ஆயில் போட்டால் கிளட்ச் வழுக்கும், ஜாசோ எம்ஏ2 என்ற தரக்குறி பார்த்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் சரியான பேச்சு. இறங்கிய ஆயில் எங்கே போகிறது என்றால் வாயை மூடிக்கொள்வார். பாதி தரையில், பாதி வடிகாலில். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், நம் ஃப்ளாட்டிலும் குழி வெட்டினோம். பார்க்கிங்கில் கிடக்கும் ஆயில் அடுத்த மழையில் அந்தக் குழிக்குத்தான் போகும். குழியிலிருந்து நிலத்தடி நீருக்கு, அங்கிருந்து போர்வெல் வழியாக நம் வாளிக்கு. பழைய ஆயிலை அபாயக் கழிவு என்று மத்திய அரசின் விதிகளே சொல்கின்றன. ஒரு தட்டில் பிடித்து, கேனில் ஊற்றி, பழைய ஆயில் எடுக்கும் இடத்தில் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஊரையே பிடிக்கச் சொல்கிறவருக்கு அந்த ஆயிலைப் பிடிக்க ஒரு தட்டு வாங்க மனசு வரவில்லை.

இப்படியெல்லாம் திட்டிவிட்டு, 2023 டிசம்பரைச் சொல்லாமல் விட்டால் பாவம். மிக்ஜாம் புயலில் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த அன்று எல்லாரும் அவரவர் ஸ்கூட்டரின் சாவியைத் தேடினோம். இவர் படியில் நின்று கத்தினார்: “யாரும் ஸ்டார்ட் பண்ணாதீங்க! உள்ள தண்ணி இருக்கு, தண்ணி அமுங்காது, ராடு வளைஞ்சுடும்!” பிறகு சேற்றில் உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியாகத் திறந்தார். பிளக்கைக் கழற்றி, கிக்கரை உதைத்துத் தண்ணீரை வெளியேற்றி, நனைந்த ஏர் ஃபில்டரை எடுத்து, பால் ஊற்றிய டீ நிறத்தில் கலங்கியிருந்த ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றினார். கரண்ட் இல்லை. டார்ச் அடிக்க அன்று வரிசையில் ஆள் நின்றது. தலைமையாசிரியர்தான் முதல் ஆள். ஒருவரிடமும் காசு வாங்கவில்லை. அந்த வாரம் கடைசியாகப் பார்த்தது இவருடைய சொந்த வண்டியை. அதற்கு மட்டும் பிடிக்கச் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை, நாங்களாகவே போய் நின்றோம்.

அடுத்த மாதமே பழைய நிலைமை திரும்பிவிட்டது. புது ஆயில் கறையும் சேர்த்து.

பிரேக் ஆயில் மாற்ற, ஒருவரே உபயோகிக்கும்படி வேக்யூம் பம்ப் கடையில் கிடைக்கிறது. லீவரை அமுக்க ஆள் வேண்டாம். வண்டியை ஒருவரே தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டும், தலையில் மாட்டும் டார்ச்சும் கிடைக்கின்றன. இவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. நட்டு வாங்கக் கடைக்குப் போனால் கடையையே வாங்கி வருகிறவர் இவற்றை மட்டும் வாங்கவில்லை. வாங்கினால் அந்தப் பாடங்களை யாருக்கு நடத்துவது, ‘க்ளிக்’ கேட்டதா என்று யாரைக் கேட்பது? ஆகவே அசோசியேஷன் செயலாளருக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த கூட்டத்தில் பராமரிப்பு நிதியிலிருந்து வேக்யூம் பம்ப் ஒன்றும், ஆயில் பிடிக்கும் தட்டு ஒன்றும் வாங்கிக் கொடுக்கத் தீர்மானம் போடுங்கள். பம்ப் வாங்க நிதி போதாவிட்டால் பரவாயில்லை, நாங்கள் முறை வைத்து அமுக்கிக்கொள்கிறோம். தட்டை மட்டும் கண்டிப்பாக வாங்கிவிடுங்கள்.