கல்கத்தாவின் தண்ணீர் பாக்கி

கேள்வி: கல்கத்தாவில் தண்ணீர் பாக்கியை எப்படி வசூலிக்கிறார்கள்?

பதில்: பில் இருந்தால்தானே பாக்கி! கல்கத்தாவில் வீடுகளுக்குத் தனியாகத் தண்ணீர்க் கட்டணம் கிடையாது. பல்தா நிலையத்தில் சுத்திகரித்த ஹூக்ளி ஆற்று நீர், 1911 முதல் நிற்கும் 90 லட்சம் காலன் டாலா தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து நகரின் பல பகுதிகளுக்கு இறங்குகிறது. மீட்டர் பார்த்துப் பணம் வாங்குவது வணிக நிறுவனங்களிடம். நகரின் காசிப்பூர் பகுதியில் வீடுகளுக்குப் பொருத்திய மீட்டர்கூட நீர் வீணாவதை அளக்கத்தான்.

தண்ணீர் வழங்கும் மற்ற செலவை மாநகராட்சியின் பொது வருவாய் சுமக்கிறது. அதன் முதுகெலும்பு சொத்து வரி. அந்த வரி பாக்கி விழுந்தால் 1980-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம் கை கொடுக்கும்: முதலில் நோட்டீஸ், பிறகு அசையும் பொருள்களை ஜப்தி செய்ய வாரண்ட். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் வாடகைப் பணத்தையே மாநகராட்சி மறித்துக்கொள்ளலாம். இதுவே கூர்மையான ஆயுதம். உரிமையாளர் எங்கிருந்தாலும் வாடகை அந்த வாசலில்தான் பிறக்கிறது. வட்டித் தள்ளுபடித் திட்டங்களும் உண்டு.

இலவச நீர் ஏழைக்குப் பெரிய ஆறுதல். ஆனால் திருகு இல்லாத தெருக்குழாயில் வாளி நிரம்பி வழிந்து சாக்கடையில் சேரும் நீர், பல்தாவில் மின்சாரம் செலவழித்துச் சுத்தமாக்கியது. அந்தக் குழாய்க்கு உடனே திருகு வேண்டும்.

கல்கத்தாவைப் போலன்றி, சென்னையில் குடிநீர், கழிவுநீர் வரியே தனி: ஆண்டு மதிப்பில் 7 சதவீதம்.